எதிர்க்கட்சி மாமியின் சிவப்பு ஊசி

டெல்லியில் எத்தனையோ ஆட்சி வந்தது, எத்தனையோ ஆட்சி போனது. எங்கள் கரோல் பாக் மாடிப்படியில் மட்டும் எதிர்க்கட்சி மாறவே இல்லை. மூன்றாம் மாடி மாமிதான் எதிர்க்கட்சி. தலைவர், தொண்டர், கொடி பிடிக்கிறவர், கோஷம் போடுகிறவர் எல்லாம் அவர் ஒருத்தரேதான்.

பேர் வைத்தது அவர் வீட்டுக்கார மாமா. ஏதோ ஒரு மந்திரி ஆபீசில் ஃபைல் பார்த்தவர், பரம சாது. "ஆபீஸ்ல ஆளுங்கட்சி, ஆத்துல எதிர்க்கட்சி, நடுவுல நான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். மாமா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பேர் மட்டும் நிலைத்துவிட்டது. பஞ்சாபிக்காரர்கள்கூட 'எதிர்கச்சி ஆன்ட்டி' என்றுதான் சொல்வார்கள். அர்த்தம் தெரிந்து சொன்னார்களா, அது தெரியாது. ஆனால் சரியாகத்தான் சொன்னார்கள்.

மாமி எதை எதிர்ப்பார் என்று கேட்காதீர்கள். எதை எதிர்க்க மாட்டார் என்று கேளுங்கள், யோசித்துச் சொல்கிறேன்.

டெல்லிக் குளிரை எதிர்ப்பார். ஊரே ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது மாமி ஈரத் தலையோடு பால்கனியில் நிற்பார். ஸ்வெட்டர் போட்டால் குளிர் ஜெயித்துவிட்டதாக அர்த்தமாம். மெட்ரோவில் "கதவு இடது பக்கம் திறக்கும்" என்று ஒரு குரல் சொல்லும் இல்லையா, அதற்கும் பதில் சொல்வார். "எங்களுக்குக் கண்ணில்லையா? திறக்கறச்சே தெரியும்" என்று வலது பக்கக் கதவு ஓரமாய்ப் போய் நிற்பார். காய்கறி வண்டிக்காரனிடம் ஹிந்தி பேசுவார். மாமியின் ஹிந்தி என்பது தமிழுக்கு வால் ஒட்டினது. "பையா, யே கத்திரிக்காய் சொத்தை ஹை. யே வெண்டைக்காய் முத்தல் ஹை. தும்கோ வெட்கமே நஹி ஹை?" அவனும் பயந்துபோய் அடியில் இருக்கிற நல்ல காயை எடுத்துக் கொடுப்பான்.

என்னையும் எதிர்த்தார். நான் இரண்டாம் மாடி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. உளுந்தும் வெந்தயமும் எண்ணெயில் பொரிகிற சத்தத்துக்கே மேலே டபார் டபார் என்று ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். பிறகு மாடிப்படி வழியாக ஊதுபத்திப் புகை இறங்கி வரும். என் மருமகள் கேலி பண்ணுவாள், "அத்தை, மேல கண்ணீர்ப்புகை விட்டுட்டாங்க" என்று. மறுநாள் காலையில் மாமி ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்பார். "மரகதம், கிளம்புடி. மார்க்கெட் போகலாம்."

நான் துணை இல்லாமல் தெருவில் இறங்கினவள் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பின்னாலே போனேன். அதற்கப்புறம் மாமி பின்னாலே. மாமி முன்னால் போவார், கூட்டம் விலகும், அந்த வழியில் நான் போவேன். பாங்கானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, என் சண்டையையும் சேர்த்து அவரே போட்டுவிடுவார். "இவ பேச மாட்டா, ஆனா இவளுக்குக் கோபம் வந்திருக்கு" என்று கவுன்ட்டர்காரனிடம் சொல்வார். எனக்குக் கோபமே வந்திருக்காது.

இப்படிப்பட்ட மாமியின் செருப்பு ஒருநாள் படியில் கிடந்தது.

ஒற்றைச் செருப்பு, இடது கால். எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாமி வலது காலில் மட்டும் செருப்போடு அடுப்படியில் நின்று காபி கலந்துகொண்டிருந்தார். "மாமி, செருப்பு கழண்டுடுச்சு" என்றேன். குனிந்து பார்த்தார். "கழண்டா எனக்குத் தெரியாதா? நானாத்தான் விட்டேன்" என்றார். எதிர்க்கட்சி ஒப்புக்கொள்ளுமா?

ஆனால் மறுநாளும் கழன்றது. அதற்கு மறுநாளும். "காலுக்கு அடியில யாரோ பஞ்சு வெச்சுத் தெச்ச மாதிரி இருக்குடி" என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். மிளகாய்ப்பொடியைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறவர், வெறும் ரசம் வாயில் பட்டாலே துடித்தார். நாக்கு செக்கச்செவேல் என்று, தேய்த்துக் கழுவின தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. காபிக்கு இரண்டு தரம் சர்க்கரை போட்டார். சாம்பாருக்கு உப்பே போடவில்லை. கீழ்வீட்டு பஞ்சாபி அண்ணி, பாபி என்று கூப்பிடுவோம், அவளோடு சண்டைக்குக் கிளம்பிப்போய், பாதிப் படியில் நின்று, "மரகதம், எதுக்குடி கிளம்பினேன்?" என்று கேட்டார். மாமிக்குச் சண்டை மறந்து போகிறது என்றால் சாதாரண விஷயமா?

மாமியின் ஒரே பிள்ளை சீனு பெங்களூரில் இருக்கிறான். ராத்திரி வீடியோவில் பேசும்போது அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்திருக்கிறான். கோயம்புத்தூர் பக்கத்தில் வயசானவர்களுக்கென்றே வீடு கட்டி விட்டிருக்கிறார்களாம், அதில் ஒன்று பார்த்துவிட்டேன் என்றான்.

"மூணு வேளை சாப்பாடும் உள்ளேயே வந்துடும்மா. கோவில் உள்ளேயே. டாக்டர் உள்ளேயே. நீ வெளியிலயே வர வேண்டாம்."

"ஜெயில்லயும் அப்படித்தான்டா. என்ன தப்புக்கு என்னை உள்ள போடறே?"

"அம்மா, உனக்கு வயசாயிடுத்து."

"வயசுங்கறது குத்தமா, வியாதியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ஹோலி லீவுக்கு வரேன். கையோட அழைச்சுண்டு போறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மாமி வெகுநேரம் பால்கனியில் நின்றார். எங்கள் தெருவில் ஒரு கம்பத்துக்கும் இன்னொரு கம்பத்துக்கும் நடுவில் ஆயிரம் வயர் தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வயர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "இதை விட்டுட்டு நான் எங்கடி போவேன்?" என்றார்.

முதலில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். அவர் மாமியின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. "மாதாஜி, உமர் ஹோ கயீ ஹை" என்றார். வயசாகிவிட்டது என்று அர்த்தம். மாமி நாற்காலியை விட்டு எழுந்தார். "இந்த முழங்காலுக்கு என்ன வயசோ அதே வயசுதான் என் முழங்கைக்கும். முழங்கை நன்னாத்தானே இருக்கு? மரகதம், ஹிந்தியில சொல்லு." நான் எங்கே சொல்வது? தரையைப் பார்த்தேன். டாக்டர் அவசரமாக ஏதோ விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து எங்களை அனுப்பி வைத்தார்.

அது மேலே உறை போட்ட மாத்திரை. அந்த உறை மாட்டு எலும்பில் பண்ணுகிறது என்று மாமி யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். மாத்திரையை இரண்டாகத் திருகித் திறந்து, உறையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, உள்ளே இருந்த பொடியைத் தயிரில் தட்டினார். தயிர் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறியது. அது என்னவோ அந்த விட்டமினுக்கே சிவப்பு நிறமாம்.

அதோடு விட்டாரா? "எனக்கு வேணும்னா எல்லாருக்கும் வேணும்" என்று ஒரு அட்டை முழுக்க உடைத்து ஒரு பெரிய பாத்திரம் தயிர்சாதம் பிசைந்து, கடுகு தாளித்து, மாடி மாடியாகக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோனது நான்தான். கீழ்வீட்டு பாபி அதைப் பார்த்துவிட்டு, ரோஸ் கீர், அதாவது ரோஜாப் பாயசம் என்று நினைத்து, முந்திரியைத் தூவி விருந்தாளிக்கு வைத்துவிட்டாள். விருந்தாளி வாயில் கடுகும் பச்சை மிளகாயும் தட்டுப்பட்டதும் எழுந்து நின்றுவிட்டாராம். "ஆன்ட்டிஜி, யே கைஸா மீட்டா ஹை?" என்று, இது என்ன மாதிரி இனிப்பு என்று கேட்டுக்கொண்டே பாபி படியேறி வந்தாள்.

மாமி விஷயத்தைச் சொன்னார். பாபி கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு? அந்த விட்டமின் முட்டையில இருக்கு, மீன்ல இருக்கு. ரோஜ் ஏக் அண்டா காவோ" என்றாள். தினம் ஒரு முட்டை.

அவ்வளவுதான். மாடிப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் மாமிக்கு முட்டை யோசனை சொன்னார்கள். பால்காரன் சொன்னான். இஸ்திரிக்காரன் சொன்னான். சீனுகூடப் போனில், "கேக் மாதிரி நினைச்சுண்டு சாப்பிடேன்மா" என்றான். மாமி என் பக்கம் திரும்பினார்.

"நீயும் சொல்லேன். உன் மீன் குழம்புலயும் இருக்காமே?"

"நான் ஒண்ணும் சொல்லலை மாமி."

"இத்தனை வருஷமா ஜன்னலைச் சாத்தினேனே, அந்தப் பாவம்தான்னு நினைச்சுக்கறியோ?"

"இல்லைங்க மாமி."

"நினைச்சுக்கோ. ஆனா ஜன்னலைத் திறக்க மாட்டேன்."

நாலைந்து வாரம் ரோஜா நிறத் தயிர் சாப்பிட்டும் காலில் பஞ்சு போகவில்லை. எப்படிப் போகும்? பாதியை ஊருக்குத்தானே கொடுத்தார். இதற்குள் பொங்கல் வந்து போய்விட்டது. ஹோலி கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது.

புசா ரோடு பக்கம் ஒரு தர்ம டிஸ்பென்சரி உண்டு. அங்கே புதிதாக ஒரு டாக்டர் பெண் வந்திருக்கிறாள், தமிழ்க் குடும்பம் என்று என் மருமகள் சொன்னாள். போனோம். சின்னப் பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தத்துப்பித்து. மரியாதை வைக்கத் தெரியாது.

"மாமி, நீ எழுந்து நில்லு. கண்ணு மூடு."

மாமியை 'நீ' என்று கூப்பிட்டு உயிரோடு திரும்பினவர் யாரும் இல்லை. நான் சுவரோரம் ஒதுங்கினேன். ஆனால் மாமி அதிசயமாகக் கண்ணை மூடினார். மூடினாரோ இல்லையோ, ஆள் அப்படியே சாய்ந்தார். டாக்டர் பெண் தயாராக நின்றிருந்தாள், தாங்கிக்கொண்டாள்.

"கண்ணு திறந்தா நிக்கறே. மூடினா விழறே. ஏன் தெரியுமா? உன் பாதம் எங்கே இருக்குன்னு உன் கண்ணுதான் சொல்றது. பாதம் சொல்லலை. இது வயசு இல்லை மாமி."

மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தரம் சொல்லு."

"வயசு இல்லை."

அந்த ஒரு வார்த்தைக்காக மாமி அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்க 'நீ' சொல்ல அனுமதி கொடுத்துவிட்டார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் பெண் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, பாதித் தமிழ், பாதி ஹிந்தியில் விளக்கினாள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இந்த பி ட்வெல்வ் என்கிற விட்டமின் தனியாக எங்கேயும் போகாது. சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் வரும். வயிற்றில் இருக்கிற புளிப்பு நீர் அதைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து விடும். அங்கிருந்து சிறுகுடல் வரைக்கும் அதற்கு எச்சிலிலிருந்து வந்த ஒரு காவல். அப்புறம் வயிறே ஒரு துணையாளை அனுப்பும். சிறுகுடலில் அந்தத் துணையாள் இதன் கையைப் பிடித்துக்கொண்டு, நீளமாகப் போய், குடலின் கடைசியில் ஒரு வாசல் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விடும். துணையோடு வந்தால்தான் அந்த வாசல் திறக்கும். உள்ளே போனால் ரத்தம் ஊற உதவும், நரம்புக்கு மேலே உறை கட்ட உதவும். மிச்சத்தை ஈரல் வருஷக்கணக்காகச் சேர்த்து வைக்கும். மாமியின் வயிறு அந்தத் துணையாளை அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஈரலில் இருந்த கையிருப்பில் இத்தனை நாள் வண்டி ஓடியிருக்கிறது. இப்போது அதுவும் காலி.

மாமி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படின்னா நான் முட்டை சாப்பிட்டிருந்தா?"

"யூஸ் இல்லை. துணை இல்லையே."

"மீன்?"

"அதுவும் அப்படியே வெளியே போயிடும்."

மாமி எழுந்து நின்றார். கால் தள்ளாடியது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "மரகதம், கேட்டுக்கோடி. சாட்சி நீ. நான் ஒரு கூடை முட்டை சாப்பிட்டிருந்தாலும் ஒட்டியிருக்காது. ஆசாரமும் போயிருக்கும், விட்டமினும் வந்திருக்காது. ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யார் சரி?"

"நீங்கதான் மாமி."

"மாத்திரை நிறைய டோஸ் தினம் சாப்பிட்டா கொஞ்சம் உள்ளே போகும்" என்றாள் டாக்டர் பெண். "ஆனா நரம்பு அடி வாங்கியிருக்கு. இப்போ ஊசிதான்."

ஊசி மருந்தைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக் காட்டினாள். குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பு. மாமி பின்வாங்கினார்.

"இது எந்தப் பிராணியோட ரத்தம்?"

"ரத்தம் இல்லை மாமி. இது கிருமி பண்றது. பெரிய தொட்டியில கிருமி வளர்த்து எடுக்கறாங்க."

"கிருமி சைவமா, அசைவமா?"

டாக்டர் பெண் படித்த காலேஜில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது. வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மாமியின் புடவைத் தலைப்பை இழுத்து, அவர் காதோரம் சொன்னேன், "தயிர் தோய்க்கிறதும் அதுதானேங்க மாமி?"

மாமி யோசித்தார். "அதானே" என்றார். "தயிர் சைவம்னா இதுவும் சைவம்தான். குத்துடி பொண்ணே."

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. அதன்பிறகு வாரம் ஒன்று. போய் வந்த ஒவ்வொரு நாளும் மாடிப்படியில் கூட்டம். கீழ்வீட்டு பாபியை நிறுத்தி வைத்து மாமி விட்டமின் வகுப்பு நடத்துவார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னால் அவர் எதிர்க்கட்சி ஆவாரா? மெட்ரோவாக மாற்றிவிட்டார்.

"பாபீ, சுனோ, நன்னாக் கேளு. விட்டமின் பாசஞ்சர் ஹை. வாய்ல ஏறி, கடைசி ஸ்டேஷன்லதான் இறங்கணும். நடுவுல எங்கேயும் இறங்க முடியாது ஹை. கடைசி ஸ்டேஷன்ல கேட் இருக்கு. கேட் திறக்கக் கார்டு வேணும். கார்டு கொடுக்கறது யாரு? மேரா பேட், என் வயிறு. மேரா பேட் ஸ்ட்ரைக் பண்றது ஹை."

"அப்போ மாத்திரை, ஆன்ட்டிஜி?"

"ஒரே நேரத்துல ஆயிரம் பேரைக் கொண்டுபோய் கேட்ல விட்டா, எவனாவது ஒண்ணு ரெண்டு பேர் எகிறிக் குதிச்சு உள்ள போயிடுவான் இல்லையா? அதுதான் மாத்திரை."

"ஊசி?"

"ஊசி ஆட்டோ ஹை. ஸ்டேஷன் பக்கமே போக வேண்டாம். நேரா ஊருக்குள்ள."

பாபி தன் புருஷனுக்கு, மாமியாருக்கு, சீட்டுப் பணம் போட்டுக் கூடுகிற கிட்டி பார்ட்டிக்காரிகளுக்கு எல்லாம் இந்த மெட்ரோவை ஓட்டிக் காட்டினாள். டிஸ்பென்சரியில் திடீரென்று கரோல் பாக் கூட்டம் ஏறிவிட்டது. டாக்டர் பெண்ணே ஒருநாள் வேறு ஒரு நோயாளிக்கு, "இது மெட்ரோ மாதிரி..." என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். மாமி என்னை முழங்கையால் இடித்தார்.

நாக்குதான் முதலில் சரியானது. ஒரு காலை மாமி இட்லியும் மிளகாய்ப்பொடியுமாகக் கீழே வந்து, என் எதிரே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியத் தின்று காட்டினார். "காரத்துல அழறேன்டி, வேற ஒண்ணும் இல்லை" என்றார். அடுத்து ஞாபகம் வந்தது. அதற்கு அடையாளம், பாபியோடு பாதியில் விட்ட சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பாபியே மறந்துபோயிருந்தாள்.

கால் மட்டும் பிடிவாதம் பிடித்தது. "நரம்புக்கு டைம் ஆகும். கொஞ்சம் வராமலும் போகலாம்" என்று டாக்டர் பெண் மறைக்காமல் சொல்லிவிட்டாள். மாமி பால்கனியிலிருந்து தெரு வயர்களைக் காட்டி, "என் கால் இந்தக் கம்பி மாதிரிடி. உறை போயிடுத்து. புது உறை வரட்டும், அதுவரைக்கும் ஷாக் அடிச்சாலும் நிப்பேன்" என்றார்.

மொட்டை மாடியில் பயிற்சி ஆரம்பித்தோம். வெயில் ஏறினதும் மாமி நடு மாடியில் காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடுவார். நான் பின்னால் நிற்பேன். முதல்நாள் என்மேல் விழுந்தார், இரண்டு பேரும் காயப்போட்டிருந்த பாபியின் ரஜாய்மேல் விழுந்தோம். அப்படியே கிடந்து சிரித்தோம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றார். ஆடுவார், ஆனால் நிற்பார். நான் பின்னாலிருந்து இரண்டு கையையும் விரித்தபடியே நிற்பேன், தொடாமல், ஒரு விரல் இடைவெளியில். கண் மூடியிருக்கிறவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹோலி அன்றைக்கு சீனு வந்தான். தெருமுனையில் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. முகம் பாதி பச்சை, பாதி ஊதா. நான் மேலேதான் இருந்தேன். மாமி கதவைத் திறந்தார்.

"யாருப்பா நீ?"

சீனுவுக்குக் குரலே உடைந்துவிட்டது. என்னைப் பார்த்து, "பார்த்தேளா மாமி? அம்மாவுக்கு என்னையே தெரியலை" என்றான்.

"கண்ணாடியில போய்ப் பாருடா தடியா! உன்னை உனக்கே தெரியாது!"

குளித்துவிட்டு வந்தான். சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் பேச்சைத் தொடங்கினான். டிக்கெட் எடுத்தாயிற்று, அங்கே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மாமி அவனுக்கு வாயிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரை எல்லாவற்றையும் சொன்னார். அவன் நம்பவில்லை. நல்ல பிள்ளைதான், பயந்த பிள்ளை. செல்போனை எடுத்து, ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தான்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

மாமி சொன்னார். கிழமையோடு நட்சத்திரமும் சொன்னார். ராகு காலமும் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னான். அவன் செல்போனில் சரிபார்ப்பதற்குள் மாமி இரண்டுக்கு வந்துவிட்டார்.

"ஆச்சா? இப்போ நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். உங்கப்பா திதி என்னிக்கு?"

சீனு விழித்தான். "ஜூலைல…"

"ஜூலை வெள்ளைக்காரன் மாசம். நம்ம மாசம் என்ன? பட்சம் என்ன? திதி என்ன?"

"நீதானேம்மா ஒவ்வொரு வருஷமும் போன் பண்ணிச் சொல்லுவே."

"ஆடி, சுக்ல பட்சம், துவாதசி. இப்போ சொல்லு, மறதி யாருக்கு? அந்தக் கோயம்புத்தூர்ல ஒரு ரூம் இருந்தா நீ போய்ச் சேரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் விடவில்லை. "ஞாபகம் சரிம்மா. கால்? வீடியோல பார்த்தேனே, சுவரைப் பிடிச்சுண்டுதானே நடந்தே?"

மாமி எழுந்தார். கூடத்தின் நடுவில் போய் நின்றார். காலைச் சேர்த்து வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். என் கால் தானாகப் போய் அவர் பின்னால் நின்றது. கை தானாக விரிந்தது.

மாமி லேசாக இடது பக்கம் சாய்ந்தார். நேரானார். மறுபடி சாய்ந்தார்.

"மரகதம்" என்றார், கண்ணைத் திறக்காமல். "கையை எடு."

"நான் தொடலை மாமி."

"தெரியும். தினமும் தொடாமத்தான் நிக்கறே. எடு."

கையைக் கீழே போட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். மாமி நின்றார். டெல்லிக் குளிரில் நிற்கிற மாதிரி நின்றார். சீனு 'போதும்மா' என்று சொன்ன பிறகும், அதை எதிர்த்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

சீனு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரிம்மா. ஆனா டாக்டர்கிட்ட நானும் போன்ல பேசினேன். மாசாமாசம் ஊசி, உயிர் இருக்கறவரைக்கும். மாடிப்படி இறங்கணும், ரோடு தாண்டணும். யாரு துணைக்கு வருவா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு. டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அப்போதுதான் நடக்காதது நடந்தது. எதிர்க்கட்சி வாயடைத்துப் போனது. மாமி என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கவில்லை, பால்கனிக்கு வெளியே வயர்களைப் பார்த்தார். யாரையும் எதையும் கேட்டுப் பழகாத வாய் அது.

"நான் கூட்டிட்டுப் போறேன், தம்பி" என்றேன்.

யார் பேசினது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

மாமி வெடித்துச் சிரித்தார். "இவளா? டேய், இவ தனியாத் தெருமுனைகூடத் தாண்ட மாட்டாடா! இவளை எங்கேயும் கூட்டிண்டு போறதே நான்தான். நான் இல்லேன்னா இவ வீட்டுக்குள்ளயே கிடந்து…" அதற்கு மேல் சொல்லவில்லை. "அதனால நான் எங்கேயும் வர முடியாது. இவளை யாரு பார்த்துப்பா?"

சீனு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். டிக்கெட் செல்போனில் இருந்தது, கிழிக்க முடியவில்லை. அழுத்தி அழித்துவிட்டான்.

இப்போது மாதம் ஒருநாள் ஊசிக்குப் போகிறோம். மாமி முன்னால் போகிறார். கூட்டம் விலகுகிறது. நான் எப்போதும் போலப் பின்னால்தான், ஆனால் இடது பக்கமாக, அரை அடி தள்ளி. அந்த இடது பாதம் மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை. புசா ரோடு போகிற வழியில் செருப்பு எப்படியும் ஒரு தரம் கழன்றுகொள்ளும். அவர் ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து, என் காலாலேயே அதைத் தள்ளி அவர் காலில் மாட்டிவிடுவேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் எதிர்ப்பார் என்று நானும் சொன்னதில்லை.

போன தரமும் கழன்றது. மாட்டினேன். மாமி திரும்பிப் பார்க்கவில்லை, ஆட்டோக்காரனோடு பேச்சையும் நிறுத்தவில்லை. நடுவில் தமிழில் மட்டும் சொன்னார்:

"கோணலா இருக்குடி. நேரா மாட்டு."